வெல்டிங்கில் வெப்பக் கணக்கு

கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் பணியாற்றும் நம்மவர் பிள்ளை ஒருவர் அண்மையில் நம்மிடம் வந்து வருந்தினார். வெல்டிங் தேர்வுக்கு அவர் இணைத்த தகடு பார்வைக்குக் குற்றமற்றது. ஆயினும் அதிலிருந்து வெட்டிய துண்டு, அடித்துப் பார்க்கும் சோதனையில் எளிதில் முறிந்துவிட்டதாம். “ஆம்பியரை நான் மாற்றவே இல்லையே, ஐயா!” என்பது அவர் முறையீடு. ஆம்பியர் மாறவில்லை, கை வேகம் மாறிற்று. அதனை அவர் கணக்கிற் சேர்த்தாரில்லை.

கணக்கு எளியதே. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால், மின்வில் ஒரு விநாடியில் தரும் வெப்பம் ஜூல் அளவிற் கிடைக்கும். 24 வோல்ட், 120 ஆம்பியர் எனின் 2,880 ஜூல். நிமிடத்திற்கு 150 மில்லிமீட்டர், அதாவது விநாடிக்கு 2.5 மில்லிமீட்டர் ராடு நகருமாயின், 2,880ஐ 2.5ஆல் வகுக்க வேண்டும். மில்லிமீட்டர் ஒன்றுக்கு 1,152 ஜூல் வரும். சிதறுவது போக, ராடு வெல்டிங்கில் 80 விழுக்காடே இரும்பிற் சேர்வதாகக் கொள்வர். அவ்வகையில் 922 ஜூல். நம் பிள்ளையோ ராடை அகல அசைத்து, நிமிடத்திற்கு 75 மில்லிமீட்டரே நகர்ந்திருக்கிறார். வெப்பம் இருமடங்காயிற்று! அவ்வாறு சூடேறி மெல்ல ஆறும் எஃகில் மணிகள் பருத்துவிடும். அடி தாங்கும் திறன் குறையும்.

எனில் விரைந்து ஓட்டிவிடலாமோ? அதுவும் ஆகாது. தடித்த தகட்டில் வெப்பம் குறைந்தால், தகடே அதனை உறிஞ்சிக்கொள்ளும். இணைப்பு சட்டென ஆறி இறுகும். ஈரத்தினின்று வந்த ஹைட்ரஜனும் உள்ளே இருப்பின், சில மணி நேரமோ சில நாட்களோ சென்றபின் விரிசல் காணும். மூணாற்றுப் பக்கம் பணிக்குச் செல்வோர் இதனைக் குறித்துக்கொள்க. 1940இல் இயங்கத் தொடங்கிய பள்ளிவாசல் மின்நிலையத்திற்கு மலைச்சரிவில் இறங்கும் பெருங்குழாய்களைக் கண்டிருப்பீர்கள். நீரின் அழுத்தம் தாங்கும் அத்தகைய குழாய்களில் மறைந்த விரிசல் சிறு குற்றமன்று. அங்குள்ள குளிரைவிட விடியற்காலைப் பனி ஈரமே பெரிய பகை என்பது நம் கருத்து. ராடை உலர்த்துவதும், தடித்த தகட்டை முன்னரே சூடாக்குவதும் மேற்சொன்ன கணக்கில் வாரா, தனியே செய்யவேண்டியவை.

மற்றொன்று. இயந்திர முகப்பிலுள்ள எண்ணை முற்றும் நம்பற்க. கேபிள் நீண்டால் வோல்ட் வழியிலேயே குறையும். ஆம்பியரை டாங் டெஸ்டரால் அளக்கலாம். வோல்ட்டை வில்லின் அருகிலேயே அளத்தல் நன்று.

பிள்ளைக்கு மறுதேர்வு அடுத்த மாதம். கைக்கடிகாரமும் அடிக்கோலும் வைத்துக்கொண்டு நாள்தோறும் பழைய தகட்டில் ஓட்டிப் பழகுகிறார். நேற்று 140 மில்லிமீட்டர் வரை வந்ததாம்.