சுவையூட்டும் பெப்டைடுகளும் இரத்த அழுத்தமும்

ஜப்பானியரின் சோயாச் சாறு, உலர்த்திய சூரைமீன் ஆகியவற்றின் இன்சுவைக்குப் புரதம் சிதைந்து உண்டாகும் பெப்டைடுகளும் ஒரு காரணமாகும். இவற்றுட் சில, இரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் 2 உண்டாக உதவும் நொதியைத் தடுப்பதாக ஆய்வுக்கூடங்களில் காணப்பட்டுள்ளது. ஆயினும் சோதனைக்குழாய் வேறு, மனித உடல் வேறு. உண்ட பெப்டைடுகளிற் பெரும்பகுதி குடலிலேயே சிதைந்துவிடும். இவ்வாறே நொதியைத் தடுக்கும், புளித்த பாலில் உள்ள இரு பெப்டைடுகளுக்குங்கூடச் சான்று போதாதென ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் முடிவு செய்தது.

மேலும், ஒரு மேசைக்கரண்டி சோயாச் சாற்றில் ஏறத்தாழ 2.5 கிராம் உப்புண்டு. உலகச் சுகாதார நிறுவனம் கூறும் நாளளவோ 5 கிராமுக்கும் குறைவு. ஆகவே, இவற்றை மருந்தெனப் போற்றுவதினும், உப்பைக் குறைத்துச் சுவை குன்றாமற் சமைக்க எவ்வளவு உதவும் என ஆராய்வதே தக்கது. இவற்றை நம்பி மருத்துவர் தந்த மாத்திரையை எவரும் நிறுத்தலாகாது.