ரெண்டாவது சம்சாரத்துக்குப் பேர் கிடையாதா?

பில்ட் ஓடி முடியற வரைக்கும் ஹெட்போன்ல ஏதாவது பாடிக்கிட்டே இருக்கும் எனக்கு. போன வாரம் முழுக்க ஒரே பாட்டு. பாட்டுன்னு சொல்லக்கூடாது, வரியே கிடையாது, வெறும் பிடில். ஸ்காட்லாந்துல டன்கெல்ட் பக்கம் இன்வர் கிராமத்துல இருந்த நீல் கவ், 1805-ல் மனைவி இறந்தப்போ போட்ட மெட்டு.

சோகம்னா அழுமூஞ்சி ராகமாத்தான் இருக்கும்னு நெனச்சிருந்தேன் மக்களே. இது மேஜர் ஸ்கேல், நம்ம சங்கராபரணத்தோட ஸ்வரங்கள். அழவே இல்லை. சாப்பிட உக்காந்தப்புறம் பக்கத்து மணை காலியா இருக்கறதைப் பாக்கற மாதிரி இருக்கு.

என் பிரச்னை தலைப்புல. 'தன் இரண்டாவது மனைவியின் மரணத்துக்கு நீல் கவ்வின் புலம்பல்'. புருஷன் பேர் இருக்கு, மனைவிக்கு வரிசை எண் இருக்கு. அந்தம்மா பேர்? மார்கரெட் அர்க்கர்ட். முப்பது வருஷத்துக்கு மேல அவரோட குடும்பம் நடத்தினவங்க. தேடித்தான் கண்டுபிடிச்சேன்.

மெட்டு அச்சானது 1809-ல், கவ் குடும்பத்தோட அஞ்சாவது தொகுப்புல. நீல் 1807-லயே போயாச்சு. எடின்பரோவுல அதை வெளியிட்டது மகன் நத்தானியேல், மூத்த தாரத்துப் பிள்ளை. இப்போ அந்த 'இரண்டாவது' கொஞ்சம் குத்துதா? எனக்குக் குத்துது. (நியாயமாச் சொல்லணும்னா, மூத்தவங்க பேரும் மார்கரெட்தான். குழப்பம் வேணாம்னு எண் போட்டிருக்கலாம். ஆனா அவங்க வைஸ்மன், இவங்க அர்க்கர்ட். அதைப் போட்டிருக்கலாமே?)

'அந்தக் காலம் அப்படி'ங்கறதையும் ஒத்துக்க மாட்டேன். அப்போ வந்த தொகுப்புகளைப் புரட்டினா லேடி இன்னார், மிஸ் இன்னார்னு பொம்பளைங்க பேர்ல ஏகப்பட்ட மெட்டு. எல்லாம் பெரிய வீட்டுக்காரங்க, புத்தகம் வாங்கி ஆதரிக்கக்கூடிய குடும்பங்கள். வில்லியம் மார்ஷல் போட்ட ஒண்ணுக்குப் பேரு 'மிஸ் அட்மிரல் கார்டன்'. அப்பாவோட பதவியே பொண்ணு பேராயிடுச்சு, அது தனிக் கொடுமை. ஆனா அதே மெட்டுக்குத்தான் ராபர்ட் பர்ன்ஸ் 1788-ல் தன் மனைவிக்காகப் பாட்டு எழுதினார். ஜீன்னு பேரையே உள்ள வெச்சார். 1787-ல் நீல் கவ்வை நேர்ல பாத்த அதே பர்ன்ஸ்தான். ஆக, மனசு இருந்தா அந்தக் காலத்துலயும் முடிஞ்சிருக்கு.

தலைப்பை மாத்தச் சொல்லலை, அச்சானது அச்சானதாவே இருக்கட்டும். மேடையில வாசிக்கறவங்க, வில்லை எடுக்கறதுக்கு முன்னாடி இது மார்கரெட் அர்க்கர்ட்டுக்காகன்னு ஒரு வார்த்தை சொல்லலாம். என் பங்குக்கு, போன்ல இருந்த ஃபைலை ரீநேம் பண்ணிட்டேன்.