மேஜைமேல் ஒரு முகடு

நம் சங்கத்து இளைஞர்கள் ஞாயிறுதோறும் மேஜைமீது போர் நடத்துகின்றனர். அட்டை மலை, சின்னஞ்சிறு பொம்மைச் சிப்பாய்கள். நாடாவால் அளந்து நகர்த்துவர், பகடை சொன்னபடி வீழ்வர். சென்ற முறை தர்காய் முகடு. இன்று பாகிஸ்தானிலுள்ள திராப் பகுதியைச் சார்ந்தது. முகட்டைக் காக்கும் அப்ரீதியராக அமர ஒருவரும் முன்வராமையால் நாமே அமர்ந்தோம்.

1897 அக்டோபர் 18இல் பிரிட்டிஷ் இந்தியப் படை அம்முகட்டைப் பிடித்தது. தண்ணீரும் உணவும் கொண்டுசேர்க்க வழியின்றி அன்றே இறங்கிற்று. எதிரிகள் பெருந்திரளாய் வந்து அமர்ந்துகொள்ள, 20ஆம் நாள் மீண்டும் ஏறவேண்டியதாயிற்று. திறந்தவெளியைக் கடக்க முதலில் ஓடி மடிந்தோர் கூர்க்கர். பின்னரே கார்டன் ஹைலண்டர் படையினர் முன்னேற, முகடு வீழ்ந்தது. காலில் குண்டுபட்டும் குழலூதிய பிண்ட்லேட்டர் விக்டோரியா சிலுவை பெற்றார். இந்தியச் சிப்பாய்கள் அவ்விருதுக்கு உரியவரானது 1911இல்தான்!

இளைஞர் வகுத்த விதிகளிலும் குழலோசைக்கு மதிப்பெண் உண்டு. கூர்க்கர் ஓட்டத்துக்கு இல்லை, தண்ணீருக்கும் இல்லை. முகட்டைப் பிடித்தவன் பொழுது சாய்வதற்குள் தண்ணீர் ஏற்றாவிடில் இறங்கவேண்டுமென்று ஒரு விதி சேர்க்கச் சொன்னோம். நெடுநேரம் வாதாடி இசைந்தனர். வரும் ஞாயிறு இரண்டு பொம்மைக் கோவேறு கழுதைகள் தேவை, வைத்திருப்போர் கொடுத்துதவுக.