கார் வைத்திருப்பவர் நடந்து போவாரா?

சட்டத்தைப் பற்றியோ சரித்திரத்தைப் பற்றியோ வாதம் கிளம்பினால் போதும், பனியன் கம்பெனி வாசலிலுள்ள டீக்கடை பெஞ்சு இரண்டு கட்சியாகிவிடும். உடுமலை சங்கர் கொலை வழக்கையே எடுத்துக்கொள்வோம். 2016 மார்ச் 13 அன்று, உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தருகே, பட்டப்பகலில் அந்தத் தலித் மாணவர் வெட்டப்பட்டு மாண்டார். வேறு ஜாதிப் பெண்ணை மணந்ததுதான் அவர் செய்த குற்றம். 2017 டிசம்பரில் திருப்பூர் கோர்ட் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூனில் சென்னை ஹைகோர்ட் பெண்ணின் தந்தையை விடுதலை செய்து, மற்ற ஐவரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது.

தந்தை மீது சொல்லப்பட்ட சதிக் குற்றத்திற்குச் சாட்சியம் போதுமா என்பதே அங்கே கேள்வி. எத்தனை பேர் அதைக் கேட்டார்கள்? செத்தவர் எந்த ஜாதி, கூண்டில் நின்றவர் எந்த ஜாதி, தான் எந்த ஜாதி – இம்மூன்றையும் கூட்டிக் கழித்து மனம் முன்பே தீர்ப்பெழுதிவிட்டது. பவர் டேபிளில் அடுத்தடுத்து உட்கார்ந்து ஒரே பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்கள்தாம் இப்படிப் பிரிந்து நின்றார்கள். முதலாளிக்கு இதைவிட என்ன வேண்டும்?

படிக்காத தொழிலாளி உணர்ச்சியால் பேசுகிறான், சட்டமோ அறிவால் பேசுகிறது என்று பெரிய மனிதர்கள் உபதேசம் செய்வதுண்டு. கீழ்வெண்மணித் தீர்ப்பை அவர்கள் படித்திருக்க வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு, கீழத் தஞ்சையில், ஒரே குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்ட குடும்பங்கள். கீழ்க்கோர்ட் தண்டித்த மிராசுதார்களை 1973-ல் ஹைகோர்ட் விடுதலை செய்தது. சொன்ன காரணங்களில் ஒன்றைக் கேளுங்கள்: எதிரிகள் அத்தனை பேரும் மிராசுதார்கள், பெரும் பணக்காரர்கள், முதல் எதிரி கார் வைத்திருப்பவர், இப்படிப்பட்டவர்கள் வேலையாட்கள் துணையில்லாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்று நம்புவது கடினமாம்!

இது எந்தச் சாட்சி சொன்னது? பணக்காரன் தன் கையை அழுக்காக்கிக்கொள்ள மாட்டான் என்று மேல்தட்டில் ஊறிப்போன ஒரு நினைப்பு, கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் வந்துவிட்டது. எழுதிய கைக்கு அது உணர்ச்சியாகவே தெரிந்திராது. உலக அனுபவமாகத் தெரிந்திருக்கும். அவரவர் சாய்வு அவரவருக்கு அப்படித்தான் தெரியும்.

நம் பக்கத்தையும் பார்ப்போம். வெண்மணி பற்றிப் பேசும் எத்தனை மேடைகளில் பக்கிரிசாமி என்ற பெயரைக் கேட்டிருக்கிறீர்கள்? மிராசுதார் தரப்பு ஆள். அதே நாளில் கொல்லப்பட்டவர். அந்த வழக்கில் விவசாயத் தொழிலாளர்கள் தண்டனை பெற்றார்கள். அவர் பெயரைச் சொன்னால் 44 பேரின் சாவு இலேசாகிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். ஆகவே ஆகாது. மறைத்து வைத்தால்தான், எதிரி அதை எடுத்து வீசும் நாளில் நம் இளந்தொழிலாளி திகைத்து நிற்பான். சொன்னாலோ, ஒரே நாளில் நடந்த இரண்டு வழக்குகளில் எந்தச் சாட்சி நம்பப்பட்டது, எது தள்ளப்பட்டது என்ற கேள்வியை நாமே கேட்கலாம்.

சின்னியம்பாளையம் விஷயமும் இதுவே. 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலேறிய ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரும் மில் தொழிலாளர்கள். அவர்கள்மீதுள்ள பாசத்தை நாம் மறைக்கவில்லை. பாசம் இருப்பதாலேயே, கொலையுண்ட பொன்னான் யார், எந்தச் சாட்சியத்தின்மேல் தூக்கு விழுந்தது என்பதையெல்லாம் மற்றவர்களைவிட நுணுக்கமாக நாம் அறிந்திருக்க வேண்டும்.

வாதம் சூடேறும்போது ஆட்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். செத்தது முதலாளி மகன், கூண்டில் நிற்பது செக்கிங் பெண்ணின் தகப்பன். சாட்சியம் அதே, தீர்ப்பும் அதே. இப்போதும் அதே வார்த்தைதான் வாயில் வருகிறதா?

ஆத்திரமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. வெண்மணியைக் கேட்டு நெஞ்சு கொதிக்காதவனோடு நமக்குப் பேச்சில்லை. ஆனால் டிசம்பர் 25 கூட்டங்களில் பேசப்போகும் தோழர்கள், அந்த 1973 தீர்ப்பை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்கும்படி முதலில் ஏற்பாடு செய்யட்டும். பக்கிரிசாமி வழக்கையும் தாண்டிப் போகாமல் சேர்த்தே பேசட்டும்.