பழைய வானின் நெடுங்கோல்

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. கடலோடு கலக்கும் அதன் உவர்நீர் நமக்கு மீனையும் இறாலையும் வழங்குகின்றது. இரும்புக்கோ துருவையே வழங்குகின்றது. பழைய வான் வைத்திருப்போர் இதனை நன்கு அறிவர்.

பழைய வானை வைத்திருப்பது ஆடம்பரமன்று. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இத்தகைய காலங்களிற் படுவான்கரை மரக்கறியை எழுவான்கரைச் சந்தைக்குக் கொணரும் குடும்பத்துக்குப் பழைய வானே சோறிடும் தாயாகும்.

1950ஆம் ஆண்டு ஜெர்மனியில் உற்பத்தி தொடங்கிய வொக்ஸ்வாகன் கொம்பி வானை எடுத்துக்கொள்வோம். அதன் இயந்திரமும் கியர்ப்பெட்டியும் பின்புறத்தில் உள்ளன. சாரதியோ முன்னே அமர்ந்திருக்கிறார். அவர் பிடிக்கும் கியர்க் கோலையும் பெட்டியையும் வானின் அடியில் ஓடும் நெடுங்கோலே இணைக்கின்றது. கியர்க் கோலைப் பக்கவாட்டில் அசைத்தால் நெடுங்கோல் சுழலும். முன்னும் பின்னும் அசைத்தால் அது நகரும். இவ்விரு அசைவுகளே சாரதியின் விருப்பத்தைப் பெட்டிக்கு உரைக்கும் மொழி எனலாம்.

இம்மொழி குழறுவது எங்கே? கியர்க் கோலின் அடிக்குமிழ், நெடுங்கோலைத் தாங்கும் புஷ், பெட்டியை அண்டிய றப்பர் இணைப்பு ஆகிய மூவிடங்களைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொன்றும் மயிரிழையளவே தேய்ந்திருக்கலாம். ஆயினும் மூன்று தேய்வும் சேரும்போது கியர்க் கோல் உலக்கைபோல் ஆடும். இரண்டாம் கியரைத் தேடவேண்டி வரும். அமுக்கிப் போடவேண்டிய பின்னோட்டக் கியரோ அகப்படவே மாட்டாது. மாரிவெள்ளத்தில் ஓடிய வானின் றப்பர் உறை கிழிந்திருப்பின், உவர்நீரும் மணலும் புகுந்து தேய்வை விரைவுபடுத்தும்.

இந்நிலையிற் பலர் பெட்டியே பழுதென்று கருதி அதனைக் கழற்றிப் பெருஞ்செலவுக்கு ஆளாகின்றனர். அதற்குமுன் எளிய சோதனை ஒன்று உண்டு. இயந்திரத்தை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஒருவர் கியர்க் கோலை அசைக்க, மற்றவர் அடியில் நோக்கட்டும். நெடுங்கோல் அசைந்தும் இணைப்புக்கு அப்பால் அசைவு பிந்துமாயின் குற்றம் இணைப்பினுடையதே. கோலில் ஆட்டமின்றி, ஒவ்வொரு கியரும் அரைபடும் ஓசையுடன் விழுமாயின், முதலிற் கிளச்சின் கம்பி வடத்தைச் சரிபார்த்தல் வேண்டும்.

தேய்ந்த புஷ்ஷையும் றப்பரையும் மாற்றிப் பழைய கிறீஸைத் துடைத்துப் புதியது பூசுக. கிழிந்த உறையைப் புதுப்பித்தலும் இன்றியமையாதது. கியர்க் கோலின் அடித்தட்டைத் தளர்த்துமுன் அதன் இடத்தை ஆணியாற் கீறிக் குறித்துக்கொண்டால், திரும்பப் பூட்டுகையில் தடுமாற்றம் நேராது. மாரிக்கு முன்னொரு முறையும் பின்னொரு முறையும் இவ்விடங்களை நோக்குவது நன்று.

கியர் விழவில்லையென்று முரட்டுத்தனமாக இழுப்போர், தேய்ந்த புஷ்ஷோடு நல்ல பெட்டியையும் கெடுத்துவிடுகின்றனர். சொல்பவரிடமும் கேட்பவரிடமும் குறையில்லாதபோது, இடைநின்ற தூதனை ஆராய்வதன்றோ அறிவுடைமை? மாணவர்கள் பௌதிகத்தோடு இதனையும் மனத்திற் கொள்வார்களாக.