தவழ்ந்தவரும் தாண்டியவரும்

1982 பிப்ரவரி. ஹவாயில் அயர்ன்மேன் டிரையத்லான். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதுக்கப்புறம் ஒரு முழு மாரத்தான்! பரிசுப் பணம் ஒரு பைசா கிடையாது.

ஜூலி மாஸ் என்ற 23 வயது கல்லூரி மாணவி இதில் இறங்கியதே பட்டப்படிப்பு ஆய்வுக்காகத்தான். ஆனாலும் பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்தார். முடிவுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது கால்கள் மடங்கின. விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். எல்லைக்கோட்டுக்குச் சில கஜம் முன்னால் கேத்லீன் மெக்கார்ட்னி தாண்டிப் போய்விட்டார். ஜூலி தவழ்ந்தே கோட்டைத் தொட்டார், 29 நொடி பின்னால்.

ஏபிசி தொலைக்காட்சி இதைக் காட்டியதும் அமெரிக்காவே உருகியது. இந்த விளையாட்டு பிரபலமானதில் அந்தத் தவழலுக்குப் பெரிய பங்கு உண்டு. நியாயம்தான்... ஆனால் கேத்லீன்? அவரும் அதே 226 கிலோமீட்டரைக் கடந்தவர்தானே? கடைசிவரை தெம்பை மிச்சம் பிடித்து ஓடுவது திறமையில்லையா? ஜெயித்தவர் பெயரைக் கேட்டால் பலர் முழிக்கிறார்கள். விழுந்தால்தான் கேமரா திரும்பும் என்றால் எப்படிங்க?

அந்த இருவருக்கும் இதில் சண்டை இல்லை போல. 2012ல் அதே ஹவாய்ப் போட்டிக்குச் சேர்ந்தே போனார்கள்.