‘எல்எல்’ என்று அடித்தால் என்ன குற்றம்?

ஆலங்குடிப் பக்கத்திலிருந்து பேருந்து பிடித்துப் போய்க் கணினி அறிவியல் படிக்கிற என் அண்ணன் மகளுக்கு லினக்ஸ் பிராக்டிகலில் மார்க் குறைத்துவிட்டார்கள். கோப்புகளின் பட்டியலைக் காட்டச் சொன்னார்களாம். டெர்மினலில் ‘எல்எல்’ என்று அடித்தாள்; பட்டியல் வந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளருக்கு அது பிடிக்கவில்லை. “இதெல்லாம் சோம்பேறிங்க பண்ற வேலை, முழு கமாண்டை அடி” என்றிருக்கிறார். “பதில் சரியாத்தானே வந்துச்சு சித்தப்பா?” என்று கேட்கிறாள். சரியாகத்தான் வந்தது. அவள் செய்ததில் ஒரு பிழையும் இல்லை.

சுருக்கமாகச் செய்தால் அறிவு குறைவு, நீட்டி முழக்கினால் அறிவு அதிகம் என்று நம்புகிறவர்கள் நம் கல்லூரிகளில் நிறைந்து கிடக்கிறார்கள். அவர்களை ஒரு வேனில் ஏற்றிக் குடுமியான்மலைக்குக் கொண்டுபோக வேண்டும். புதுக்கோட்டையிலிருந்து 20 கிலோமீட்டர்தான். மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டியது. ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம் என்று அதில் ஒவ்வொரு முறையும் முழுப்பெயரா வெட்டியிருக்கிறது? ச, ரி, க என்று ஓரெழுத்துதான். அந்த ஓரெழுத்திலும் உயிரை மட்டும் மாற்றி ர, ரி, ரு, ரெ என்று நுட்ப வேறுபாட்டைக் காட்டியிருக்கிறார்கள். கமாண்டுக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு ஓரெழுத்துச் சேர்க்கிறோமே, அதே வேலை. ருத்ராசாரியரின் சீடனான ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தான் என்று கல்வெட்டின் முடிவிலேயே இருக்கிறது. மாணவர்களின் நன்மைக்காக! அந்த அரசனையும் சோம்பேறி என்பார்களா?

சரி, அந்தத் தேர்வாளர் கேட்ட ‘முழு கமாண்ட்’ எது? எல்எஸ், அதன்பின் சில எழுத்துகள். ‘லிஸ்ட்’ என்பதன் சுருக்கம்தான் எல்எஸ். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை உருவாக்கியபோது, விநாடிக்குப் 10 எழுத்துக்கு மேல் ஓடாத டெலிடைப் இயந்திரத்தில் தட்ட வேண்டியிருந்தது. அதனால் காப்பி ‘சிபி’ ஆனது, மூவ் ‘எம்வி’ ஆனது. அதோடு முடியவில்லை. உபுண்டு லினக்ஸில் சும்மா எல்எஸ் என்று அடித்தாலே அது ஓர் அலியாஸ்தான், அதாவது ஒரு கமாண்டுக்கு வைத்த மாற்றுப்பெயர்; பட்டியலை வண்ணத்தில் காட்டும்படி .பேஷ்ஆர்சி கோப்பில் முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறார்கள். எல்எல் இருப்பதும் அதே கோப்பில். அந்தப் பிள்ளை எதையும் புதிதாகச் செய்யவில்லை, இருந்ததைப் பயன்படுத்தினாள். ஓர் அலியாஸுக்கு மார்க் குறைத்துவிட்டு இன்னோர் அலியாஸை அடிக்கச் சொல்லியிருக்கிறார் தேர்வாளர். இது அவருக்கே தெரியாது என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

அலியாஸ் நேற்று முளைத்ததும் இல்லை. 1970களின் கடைசியில் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்லிலேயே (நாம் அடிக்கிற கமாண்டை வாங்கிச் செய்கிற நிரல்தான் ஷெல்) அது உண்டு. விரலுக்கு வேலை மிச்சம் என்பது அதன் சின்னப் பயன்; பெரிய பயன் பாதுகாப்பு. ஆர்எம் என்று அடித்தால் கோப்பு போயே போய்விடும், குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது. அதையே ‘ஆர்எம் -ஐ’ என்று அலியாஸ் வைத்துவிட்டால், அழிக்கவா என்று ஒவ்வொரு கோப்புக்கும் கேட்கும். ரெட் ஹேட் லினக்ஸில் ரூட் கணக்குக்கு இதை அவர்களே வைத்துத் தருகிறார்கள். சர்வர்களைக் கட்டி மேய்க்கிறவர்கள் சோம்பலினாலா இதைச் செய்கிறார்கள்?

“வேறு கம்ப்யூட்டருக்குப் போனால் என்ன பண்ணுவாய்?” என்று கேட்பார்கள். அந்த ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு போவாள். எந்தச் சுருக்கத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? ‘டைப் எல்எல்’ என்று அடித்தால் ஷெல்லே சொல்லிவிடும். வைவாவில் அதைக் கேட்டிருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கிறதா இல்லையா என்பது அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. ச என்று பாடுகிற பிள்ளையை நிறுத்தி “ஷட்ஜம் என்று முழுசாகப் பாடு” என்று எந்தப் பாட்டு வாத்தியாராவது சொன்னதுண்டா?

இந்தப் புத்திதான் ரெக்கார்டு நோட்டில் புரோகிராமைக் கையால் எழுதவைக்கிறது. திரையில் வந்த அவுட்புட்டை ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு வரையவைக்கிறது. ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால் பக்கத்தையே கிழித்துத் திரும்ப எழுதச் சொல்கிறது. இரவெல்லாம் கண்விழித்து நோட்டை நிரப்புகிற பிள்ளைகளுக்குக் கீபோர்டில் கை பழகுவது எப்போது? கேம்பஸ் இன்டர்வியூவில் திணறினால் “கிராமத்துப் பிள்ளைங்க, அவ்வளவுதான்” என்று பழியை மட்டும் தூக்கி நம் தலையில் வைக்கிறார்கள்.

நம் தாத்தாக்களின் பழைய பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய் ஒவ்வொன்றுக்கும் ஒரே குறி: ௳, ௴, ௵, ௶, ௷, ௸, ௹. கணக்கு எழுதியவர்களின் கெட்டிக்காரத்தனம் அது. குடுமியான்மலையில் பாறையில் செய்ததை இவர்கள் காகிதத்தில் செய்தார்கள். அந்த வழியில் வந்த பிள்ளையைப் பிடித்து, சுருக்கி எழுதாதே என்கிறோம்.

இன்னொன்றும் அந்தத் தேர்வாளர்களுக்குத் தெரிய வேண்டும். அலியாஸின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். ‘பட்டியல்’ என்று தமிழெழுத்தில் வைத்துவிட்டு அப்படியே அடித்தால் பேஷ் ஷெல் மறுபேச்சில்லாமல் பட்டியலைக் காட்டும். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டு, ஆங்கிலக் கமாண்டுகளைக் கண்டு கை நடுங்கி உட்கார்ந்திருக்கிற அறந்தாங்கிப் பிள்ளைக்கும் கந்தர்வகோட்டைப் பிள்ளைக்கும் முதல்நாளே இதைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். வருகிற செமஸ்டரிலாவது லினக்ஸ் லேபின் முதல் பயிற்சியை மாற்றுங்கள்: உனக்கு வேண்டிய அலியாஸ்களை நீயே எழுது, ஏன் அப்படி எழுதினாய் என்று சொல். அதற்கு மார்க் போடுங்கள்.